மாகாண எல்லைகள் பிறந்த கதை

ஒற்றையாட்சி நாட்டில் மாகாணம் என்பது மேலிருப்போர் கீறிய கோடு. நம் நாட்டில் அக்கோடு எவருடைய நலனுக்காகக் கீறப்பட்டது என்பதை நாம் வகுப்பறையில் கேட்பதில்லை. கோல்புறூக்கின் பெயரையும் இராசகாரிய ஒழிப்பையும் சொல்லிப் பாடத்தை முடித்துவிடுகின்றோம்.

1815இல் கண்டி வீழ்ந்த பின்னரும் கண்டிப் பிரதேசங்கள் தனி நிருவாகமாகவே இருந்தன. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் மறக்கவில்லை. 1833இல் தீவு முழுவதையும் ஐந்து மாகாணங்களாக்கியபோது, கண்டி இராச்சியத்தைத் துண்டாடிக் கரையோரத்தோடு ஒட்டினர். கிளர்ச்சி எழுந்த வெல்லச தெற்கோடு சேர்ந்தது; தமன்கடுவை கிழக்கோடு சேர்ந்தது; நுவரகலாவிய வடக்கிற்குப் போயிற்று. சிக்கனம் என்றனர். சிக்கனமும் உண்மைதான், ஆனால் கண்டியர் மீண்டும் ஒன்றுதிரளக் கூடாதென்ற எண்ணமும் அதனுள் இருந்தது.

இதனால் நுவரகலாவியக் கமக்காரனுக்கு நேர்ந்ததென்ன? உதவி ஏசண்டர் ஒருவர் அங்கே இருந்தாலும், அவருக்கு மேலான ஏசண்டுத்துரையின் கச்சேரி நூறு மைலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இருந்தது. குளங்கள் தூர்ந்தன, காய்ச்சல் ஊர்களைத் தின்றது. நாற்பதாண்டு கழித்து, 1873இல், தேசாதிபதி கிறெகரி வடமத்திய மாகாணத்தை அமைத்த பின்னரே குளத்திருத்தம் முனைப்போடு தொடங்கிற்று. அதற்கு முன் 1845இல் வடமேல் மாகாணமும், பின்னர் 1886இல் ஊவாவும் 1889இல் சப்பிரகமுவையும் பிரிந்தன. கண்டியைப் பற்றிய அச்சம் தணியத் தணியக் கத்தரித்த துண்டுகள் மீண்டும் தைக்கப்பட்டன என்றே நாம் கருதுகின்றோம்.

கோடுகள் மாறினவே தவிர, ஏணி மாறவில்லை. உச்சியில் ஏசண்டர், வடக்கிலே அவருக்குக் கீழ் மணியகாரர், உடையார், விதானையார். நிலமும் சாதிப் பெருமையும் உடைய குடும்பங்களே இப்பதவிகளைப் பெற்றன. 1848ஆம் ஆண்டுத் தெருச் சட்டப்படி, ஆறுநாள் வேலை செய், அன்றேல் காசு கட்டு என்று குடியானவனை நெருக்கிய ஆட்சியின் கையும் காலும் இவர்களே. எந்தப் படியிலும் அவனுக்கு வாக்கில்லை.

1955இல் நிருவாக அலகு மாவட்டமாயிற்று. 1963இல் விதானையாரின் இடத்திற்குக் கிராம சேவகர் வந்தார். பரீட்சை எழுதி ஏழையின் மகனும் அந்நாற்காலியில் அமர முடிந்தது சிறு முன்னேற்றமன்று. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் பழைய மாகாணங்களுக்கு முதன்முறையாகத் தெரிவுசெய்யப்பட்ட சபைகளைத் தந்தது. 1988இல் இணைந்த வடக்கையும் கிழக்கையும் 2006இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு பிரித்தது. அம்மக்களிடம் ஒருமுறையேனும் வாக்கெடுக்கப்படவில்லை. 2019ஆம் ஆண்டு முடிவதற்குள் ஒன்பது சபைகளின் காலமும் தீர்ந்துவிட்டது. தேர்தலின்றிக் கழிந்த ஆண்டுகளில் சனாதிபதி நியமித்த ஆளுநர்களே மாகாணங்களை நடத்தினர்; கோட்டுக்குள் வாழ்ந்தோர் மறுபடியும் மனு எழுதினர்.