இருப்புப் பாதை ஈன்ற கேளிக்கைப் பூங்கா

மார்கழிக் குளிர் புனே நகரின்மீது இறங்கத் தொடங்கியதும் நம் காலனி வீடுகளில் ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எங்கே செல்வது என்பதே அந்த வழக்கு. தாத்தா பாட்டி காத்திருக்கும் ஊருக்கே போகவேண்டும் என்பது பெரியவர்கள் கட்சி. கோபோலிக்கு அருகிலுள்ள இமேஜிகா என்னும் கேளிக்கைப் பூங்காவுக்கே போகவேண்டும் என்பது பிள்ளைகள் கட்சி. தீர்ப்புச் சொல்ல வேண்டிய குடும்பத் தலைவரோ மாதச் சம்பளத்தையும் எஞ்சியுள்ள விடுப்பையும் எண்ணிப் பார்த்து வாய் திறவாதிருப்பார்.

இத்தகைய பூங்காக்கள் மேனாட்டுச் செல்வர்களின் வீண் ஆடம்பரம் என்றும், நம்மைப் போன்ற உத்தியோகக் குடும்பங்களுக்கு இவற்றோடு யாதொரு உறவும் இல்லை என்றும் நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். இவற்றின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் அவ்வெண்ணம் நிலைக்காது. இரும்புத் தண்டவாளமும், தொழிலாளி பெற்ற விடுமுறையும், மலிவான பயணச் சீட்டும் ஒன்றுகூடிய இடத்திற்றான் கேளிக்கைப் பூங்கா பிறந்தது. ரயில்வே அலுவலகத்தில் ஏடும் எழுதுகோலுமாகக் காலங்கழிக்கும் என் போன்றவனுக்கு இது பங்காளி வீட்டுச் சரித்திரம் போன்றது. ஆதலின் சிறிது விரிவாகவே எழுதத் துணிகிறேன்.

முதலில் விடுமுறையின் கதை. 1841ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் லெஸ்டரிலிருந்து லஃபரோ வரை ஏறத்தாழ ஐந்நூறு பேரைத் தனி வண்டியில் ஏற்றிச் சென்றார். தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காகப் புறப்பட்ட அந்தக் கூட்டமே உல்லாசப் பயணத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி ஆயிற்று. ஆயினும் வண்டி இருந்தாற் போதுமா? ஓய்வு நாள் வேண்டாமா? 1871இல் ஆங்கில நாட்டில் நிறைவேறிய வங்கி விடுமுறைச் சட்டம் கிறிஸ்துமஸுக்கு மறுநாளையும் விடுமுறையாக்கியது. நம் பக்கத்தில் பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது 1890இல். அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர் நாராயண மேகாஜி லோகண்டே. இந்தப் புனே நகரில் மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் நிறுவிய சத்திய சோதக சமாஜத்தைச் சார்ந்தவர் அவர். நம் வீட்டு நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் அச்சாகும் ஒவ்வொரு ஞாயிறுக்குப் பின்னாலும் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

இனி விளையாட்டின் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மாக் சங்க் என்றொரு மலையூர் இருந்தது. அங்கே 1827இல், மலைமேல் வெட்டிய நிலக்கரியைக் கீழே கொண்டுவர ஒரு தண்டவாளம் போட்டனர். சரிவிலே கரிப்பெட்டிகள் தம் பாரத்தாலேயே உருண்டு இறங்கும். வெறும் பெட்டிகளை மேலே இழுத்துச் செல்லக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளும் இறங்கும்போது தமக்கென்று ஒரு பெட்டியில் ஏறிச் சவாரி செய்து வருமாம்! கழுதை பெற்ற இன்பம் மனிதருக்கு மட்டும் வேண்டாமா? கரிக்கு வேறு பாதை அமைந்தபின், அந்தப் பழைய சரிவுப் பாதையில் காசு கொடுத்து உருண்டு இறங்குவதற்கென்றே மக்கள் திரண்டு வந்தனர். 1884இல் லாமார்கஸ் தாம்ப்சன் என்பவர் நியூயார்க்கை அடுத்த கோனித் தீவிலே, கரியும் இல்லாமல் மலையும் இல்லாமல், மரச் சட்டங்களின் மேல் அத்தகைய பாதை ஒன்றை நிறுவினார். ஒரு சவாரிக்கு ஐந்து சென்ட். வேகம் மணிக்கு ஆறு மைல்தான். நம் ஊர் சைக்கிள் அதனை முந்திவிடும். இன்று பிள்ளைகள் ரோலர் கோஸ்டர் என்று கூவி மகிழும் உருளோட்ட வண்டியின் குலமுறை இதுவே.

இராட்டினத்தின் வரலாறும் இதற்கு இளைத்ததன்று. சித்திரைத் திருவிழாவில் நாம் கண்ட மர இராட்டினத்தை, 1893இல் சிகாகோப் பொருட்காட்சியில் 264 அடி உயரத்துக்கு எஃகினால் எழுப்பிக் காட்டினார் ஜார்ஜ் ஃபெரிஸ் என்னும் பாலப் பொறியாளர். அதில் 36 பெட்டிகள்; பெட்டிக்கு 60 பேர். நம் புறநகர் வண்டியின் பெட்டிகளை வட்டமாக நிறுத்தியது போன்ற காட்சி என்று கொள்க. அதே காலத்தில் அமெரிக்க நகரங்களின் டிராம் கம்பெனிகள் ஒரு தந்திரம் கண்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வெறுமையாக ஓடுகிறதே என்று, பாதையின் கடைசி நிறுத்தத்தில் தோட்டமும் இராட்டினமும் அமைத்தன. பூங்காவுக்காக வண்டி ஓடிய காலமன்று அது. வண்டி நிறைவதற்காகப் பூங்கா எழுந்த காலம்.

இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் குடும்பத்துக்கென்று ஓர் உலகமாக்கியவர் வால்ட் டிஸ்னி. அவருடைய இளமையைப் பலர் அறியார். பதினைந்து பதினாறு வயதிலே ஓடும் வண்டிகளில் பத்திரிகையும் மிட்டாயும் விற்ற பையன் அவர். பெரும்புகழ் பெற்ற பின்னும் அந்தப் பித்து அவரை விடவில்லை. 1950இல் தம் வீட்டுத் தோட்டத்திலேயே சிறு நீராவி எஞ்சின் ஒன்றை ஓட்டி, அதற்குத் தம் மனைவி லில்லியனின் நினைவாகப் பெயரும் இட்டார். தம் இரு பெண்களை வார இறுதிகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கம். பிள்ளைகள் குதிரை இராட்டினத்தில் சுற்றுவார்கள். தந்தையோ பெஞ்சிலே அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டு பார்த்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழத்தக்க ஓர் இடம் இருக்கலாகாதா என்ற எண்ணம் அந்தப் பெஞ்சிலேதான் தோன்றியதாக அவரே பின்னாளில் கூறினார். 1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் கலிஃபோர்னியாவில், ஆரஞ்சுத் தோட்டங்களாக இருந்த நிலத்தில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. வாயிலிலேயே ஒரு ரயில் நிலையம். பூங்காவைச் சுற்றிலும் நீராவி வண்டி!

நம் நகருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. அந்தத் திறப்பு விழா முடிந்து ஓராண்டு ஆவதற்குள், 1956ஆம் ஆண்டு ஏப்ரலில், சாரஸ்பாக்கை அடுத்த பேஷ்வே பூங்காவில் புனே நகராட்சி ஒரு சிறு ரயிலை ஓட விட்டது. அதன் பெயர் ஃபுல்ராணி. மலர்களின் அரசி என்று பொருள். பார்வதி மலையின் அடிவாரமான அப்பகுதியில் பேஷ்வாக்கள் காலத்திலேயே விலங்குகள் வளர்க்கப்பட்டன. பூங்காவின் விலங்குகள் 1999இல் காத்ரஜுக்குப் பெயர்க்கப்பட்டபோதும், அரசி தன் இடத்தை விட்டு அசையவில்லை. நம் காலனியில் இன்று பாட்டியாக இருப்போரிற் சிலர் பாவாடை கட்டிய பருவத்தில் அதில் ஏறியவர்கள். கோடிக் கணக்கில் டாலர் செலவிட்டு டிஸ்னி கண்டதை, நம் நகராட்சி சிற்றெஞ்சின் ஒன்றைக் கொண்டே செய்துவிட்டது என்பேன்: அந்த வண்டியில் தந்தையும் மகளும் அருகருகே அமரலாம்.

பின்னர் நம் நாட்டில் எழுந்த பூங்காக்களை விரைவாகச் சொல்லிவிடலாம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான அப்பு யானையின் பெயரால் 1984இல் தில்லியில் அப்பு கர் திறக்கப்பட்டது, 2008இல் மூடப்பட்டது. 1989இல் பம்பாயின் கோராய்ப் பகுதியில் எஸ்ஸெல் வேர்ல்டு, 1995இல் தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா. நம் நிகடியிலும் ஓர் அப்பு கர் உண்டு. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் கோபோலி அருகே இமேஜிகா திறக்கப்பட்டது. திரைப்படத் துறையைச் சேர்ந்த மன்மோகன் ஷெட்டி அதனைத் தொடங்கினார். 2022இல் அது மல்பானி குழுமத்தின் கைக்கு மாறியது.

ஆனால் கோபோலி என்ற பெயரைக் கேட்டதும் ரயில்வேக்காரன் மனம் இமேஜிகாவுக்குப் போவதில்லை. போர் கணவாய்க்குப் போகிறது. 1856இல் ஜி.ஐ.பி. ரயில்வேயின் பாதை பம்பாயிலிருந்து வந்து கோபோலியில் நின்றுவிட்டது. முன்னே செங்குத்தான சஹ்யாத்ரி. 1858இல் மலைமேலே கண்டாலாவிலிருந்து புனே வரை வண்டி ஓடத் தொடங்கியும் இடையிலிருந்த ஏற்றம் மட்டும் எஞ்சியது. பயணிகள் கோபோலியில் இறங்கிப் பல்லக்கிலும் மட்டக் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் மலையேறிக் கண்டாலாவில் மீண்டும் வண்டி பிடித்தனர். குழந்தை குட்டிகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் வந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஏற்றத்தை வெல்ல ஏழாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஜேம்ஸ் பெர்க்லி என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி, ஏறத்தாழ 15 மைல் தொலைவில் 1,831 அடி உயரம் ஏறவேண்டும். சில இடங்களில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வேலை மும்முரமாக நடந்த 1861இல் 40,000 பேருக்கு மேல் அம்மலையில் உழைத்தனர். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859இல் இங்கிலாந்திலிருந்து வந்த சில வாரங்களுக்குள் நோயுற்று மாண்டார். அவர் மனைவி ஆலிஸ் அம்மையார் பொறுப்பை ஏற்றுப் பொறியாளர்களைக் கொண்டு பணியை முடித்தார். அவர் பெயராவது ஏட்டில் நின்றது. வாந்திபேதியாலும் வெடியாலும் சரிவாலும் மடிந்த ஆயிரக்கணக்கான கூலியாட்களின் பெயர்கள் நிற்கவில்லை. கயிற்றிலே தொங்கிக்கொண்டு பாறையில் வெடிக்குழி துளைத்தவர்கள் அவர்கள். உயரத்தில் தலைகீழாகத் தொங்கி அலறுவதற்கு இன்று நாம் கட்டணம் செலுத்துகிறோம். அதே மலையடிவாரத்தில் அன்று அரைவயிற்றுக் கூலிக்கு அந்தரத்தில் தொங்கினார்கள்.

1863ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கவர்னர் பார்ட்டில் ஃபிரியர் கணவாய்ப் பாதையைத் திறந்து வைத்தார். 1871இல் ஜி.ஐ.பி. பாதையும் மதராஸ் ரயில்வேயும் ராய்ச்சூரில் கைகுலுக்கின. அந்தக் கைகுலுக்கலின் வழியாகவே நம் முன்னோர் பலர் இந்நகருக்கு வந்து சேர்ந்தனர்.

இனி நம் வழக்குக்கு வருவோம். இவ்வாண்டு பூங்காவுக்குச் செல்லக் கருதும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் எல்லாப் பூங்காக்களிலும் நெரிசல் மிகுதி, கட்டணமும் ஏறியிருக்கும். பள்ளி மூடிய மறுநாளே, வேலை நாளாகப் பார்த்துப் போவது நலம். பெரிய சவாரிகளுக்கு உயர வரம்பு உண்டு. வீட்டிலேயே பிள்ளைகளின் உயரத்தை அளந்துகொண்டு சென்றால் வாயிலிலே அழுகை இராது. வெளியுணவுக்குப் பெரும்பாலும் அனுமதியில்லை. ஆதலால் விடியற்காலையில் எழுந்து புளியோதரை கட்டும் வேலை தாய்மார்களுக்கு மிச்சம்; அந்தச் செலவைக் கணக்கில் முன்னரே சேர்த்துவிடுங்கள்.

அவர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பைகளையும் செருப்புகளையும் ஈரத் துணிகளையும் காத்துக்கொண்டு, நாள் முழுதும் ஒரு பெஞ்சிலே அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் வீட்டு அம்மாதான். டிஸ்னி வெறுத்து எழுந்த அதே பெஞ்சு அது. நான்கைந்து குடும்பங்கள் கூடி ஒரு வண்டி அமர்த்திச் சென்றால் காவல் முறை மாறி வரும். ஆடவரும் ஒரு மணி நேரம் பைக்குக் காவல் இருக்கலாம், குற்றமில்லை. செலவும் குறையும்.

ஊருக்கே செல்வோம் என்று தீர்மானிப்பவர்கள் ஒன்றை மறவாதீர். 2024 நவம்பர் முதல் நாளிலிருந்து முன்பதிவு 120 நாள் அன்று, 60 நாள்தான். டிசம்பர் 24ஆம் நாள் பயணத்துக்கு அக்டோபர் 25ஆம் நாள் காலை எட்டு மணிக்கே கதவு திறக்கும். பாஸ் உடைய ரயில்வே ஊழியருக்கும் விதிவிலக்கில்லை. பாஸ் பயணத்தைத் தரும், படுக்கையைத் தராது. இருதரப்பும் இணங்க மூன்றாவது வழியும் உண்டு. தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை வருவதும் இதே நாட்களில்தான். அத்தை பிள்ளைகளையும் மாமன் பிள்ளைகளையும் தாத்தா பாட்டியோடு இங்கே வரவழைத்துவிட்டால் ஊரே நம் வீட்டுக்கு வந்துவிடும். அவர்களுக்கு ஒரு மாலை ஃபுல்ராணி. மறுநாள் கார்வே சாலையருகே 1998இல் திறந்த ஜோஷி அவர்களின் சிற்றுருவ ரயில் காட்சிச்சாலை. பெரியவர்களுக்கும் அங்கே உட்கார்ந்து பார்க்க நிறைய உண்டு.

கோபோலிக்குப் போவோரிற் பெரும்பாலோர் விரைவுச் சாலையில் மோட்டாரிற் செல்வர். பிள்ளைகளை வண்டியிலேயே அழைத்துச் செல்ல விரும்புவோர் புனேயிலிருந்து கர்ஜத்தில் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறவும். லோனாவாலா கடந்ததும் சன்னலோரம் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துக் குகைகளை எண்ணச் சொல்லுங்கள். கர்ஜத்தில் இறங்கினால் கோபோலி லோக்கல் கிடைக்கும். பளஸ்தரி வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர். பளஸ்தரியிலிருந்து கோபோலிக்குச் செல்லும் அந்தக் கிளைதான், பல்லக்குகள் காத்து நின்ற இடத்துக்கு 1856இல் வண்டி வந்த வழி. நிலையத்துக்கு வெளியே இப்போது ஆட்டோக்கள் நிற்கும்; ஏறுமுன் கூலி பேசிக்கொள்க.