காகித அட்டையும் மின்னட்டையும்: தைவான் மருத்துவக் காப்புறுதியின் பதிவேட்டு வரலாறு

பொதுக் காப்புறுதித் திட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் சட்டங்களைப் பற்றியும் சந்தாத் தொகையைப் பற்றியுமே மிகுதியாக எழுதுவர். பதிவேட்டைப் பற்றிய பேச்சு அடிக்குறிப்போடு நின்றுவிடும். தைவானின் வரலாற்றையோ, பதிவேட்டிலிருந்து தொடங்கினால்தான் சரிவரப் புரிந்துகொள்ள இயலும் என்பது நம் கருத்து.

1995 மார்ச் 1ஆம் நாள் அங்குத் தேசிய மருத்துவக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை தொழிலாளர்க்கு ஒன்று, அரசு ஊழியர்க்கு ஒன்று, உழவர்க்கு ஒன்று எனத் திட்டங்கள் சிதறிக் கிடந்தன. மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் எதிலும் சேராதிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகளும் முதியோரும். புதிய சட்டம் அனைவரையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்து, ஆளுக்கொரு காகித அட்டையையும் தந்தது. அதில் ஆறு கட்டங்கள். மருத்துவரிடம் செல்லுந்தோறும் ஒரு முத்திரை. ஆறும் நிரம்பினால் வேறு அட்டை. நோயாளி வந்து சென்றார் என்பதை அம்முத்திரை சொல்லும். முன்பு எவ்வெம் மருந்துகளை உண்டார் என்பதைச் சொல்லாது.

இக்குறை சிறியதன்று. தைவானில் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே எவரும் பெரிய மருத்துவமனைக்கும் நேரே செல்லலாம். காலையில் ஒரு மருத்துவரிடம் தூக்க மாத்திரை பெற்றவர், மாலையில் மற்றொருவரிடமும் அதையே பெறக்கூடும். இரண்டுக்கும் பொதுநிதியே பணம் செலுத்தும். வீணாவது பணம் மட்டுமா? உடலுந்தான் கெடும்.

2004ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சில்லுப் பொருத்திய மின்னட்டை காகிதத்தை முற்றாக விலக்கியது. (நாம் இன்றும் ‘பதிவேடு’ என்கிறோம், அங்கு ஏடே மறைந்துவிட்டது.) 2013இல் மருந்துப் பதிவுகளுக்கெனப் பொதுக் கணினித் தளம் ஒன்று அமைந்தது. எந்த மருத்துவமனையில் எழுதித் தந்த மருந்தாயினும், அண்மைய மூன்று மாத விவரத்தை எதிரில் அமர்ந்த மருத்துவர் காணலாயினார். ஒரே மருந்தை இருமுறை தருவது குறைந்தது. பின்னர்ப் பரிசோதனை முடிவுகளும் அத்தளத்தில் சேர்ந்தன. 2014 முதல் குடிமக்களும் தத்தம் பதிவுகளைப் பார்க்க வழி பிறந்தது.

கோவிட் காலத்தில் இவ்வமைப்பின் வலிமை வெளிப்பட்டது. 2020 சனவரி இறுதியில் காப்புறுதிப் பதிவும் குடிநுழைவுப் பதிவும் இணைக்கப்பட்டன. அட்டையைச் செருகியதும் நோயாளியின் அண்மைப் பயணம் மருத்துவரின் திரையில் தோன்றியது. பிப்ரவரி 6 முதல் முகக்கவசப் பங்கீடும் அதே அட்டையைக் கொண்டே நடந்தது.

ஆயினும், அப்பதிவு யாருக்கு உரியது என்னும் வினா அதற்கு முன்பே எழுந்திருந்தது. தம் விவரங்களை ஆய்வுக்காகப் பிறரிடம் வழங்கக் கூடாதெனச் சிலர் 2012இல் காப்புறுதி நிர்வாகத்திடம் கேட்டனர். நிர்வாகம் மறுத்தது. வழக்குத் தொடுத்த அவர்கள், 2017இல் உச்ச நிருவாக நீதிமன்றத்திலும் தோற்றனர். 2022 ஆகஸ்ட் 12ஆம் நாள் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஆய்வுப் பயன்பாட்டைத் தடைசெய்யவில்லை. எனினும் விவரங்களைச் சேமிப்பதற்கும் பிறரிடம் வழங்குவதற்கும் தெளிவான சட்டவிதி இல்லாததும், விரும்பாதோர் விலகிக்கொள்ள வழியில்லாததும் அரசமைப்புக்கு முரணானவை என்றது. சட்டத்தைத் திருத்தி அமைக்க மூன்றாண்டு தவணையும் விதித்தது.