இன்டென்ச்சர்: பல் வெட்டிய பத்திரம்

வீட்டில் பழைய ஆங்கிலக் கிரயப் பத்திரம் ஏதாவது இருந்தா எடுத்துப் பாருங்க. முதல் வரியே 'திஸ் இன்டென்ச்சர்' என்று ஆரம்பிக்க வாய்ப்பு உண்டு. இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிற எழுத்து ஒப்பந்தம் என்பது அதன் பொருள். ஆனால் சொல்லின் வேர், லத்தீனில் 'பல்'!

பல்லுக்கும் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? இடைக்கால இங்கிலாந்தில் ஒரே தோலில் ஒப்பந்தத்தை இரண்டு தடவை எழுதுவாங்க. நடுவே ரம்பப் பல் மாதிரி வளைத்து வளைத்து வெட்டி, ஆளுக்கு ஒரு பாதி. வெட்டுகிற இடத்தில் சில எழுத்துகளையும் எழுதி வைப்பதுண்டு, கத்தி அவற்றின் ஊடே போகும். பின்னால் தகராறு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். பொருந்தலைன்னா ஏதோ ஒன்று போலி. ஒருவர் மட்டும் எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கு இதெல்லாம் வேண்டாம், ஓரம் நேராக இருக்கும். அதுக்குப் பேர் 'டீட் போல்' (இங்கிலாந்தில் பெயர் மாற்றிக்கொள்ள இன்னைக்கும் அதுதான்).

1845-இல் வந்த ஒரு சட்டம், பல் வெட்டாவிட்டாலும் இன்டென்ச்சர் செல்லும் என்று சொல்லிவிட்டது. பெயர் மட்டும் மிஞ்சியது.

அந்தப் பெயர் கொண்ட ஒப்பந்தத்தில்தான் நம்ம ஆட்கள் நேட்டாலுக்குப் போனாங்க. சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. பின்னாளில் ஒப்பந்தக் காலம் ஐந்து வருடம். 'அக்ரிமென்ட்' என்பது கூலிகள் வாயில் 'கிர்மிட்' ஆனது.

இரண்டு பேரும் சம்மதித்த ஒப்பந்தம் தானே, இதில் என்ன கொடுமை என்று கேட்கலாம். விஷயம் தண்டனையில் இருக்கு. சாதாரண வேலைக்காரர் சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் முதலாளி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக முடியும். கிர்மிட் ஆள் போனால் கிரிமினல் குற்றம், ஜெயில்.

1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழர் டர்பனில் காந்தியிடம் வந்தார். முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம். காந்தி அவரை டாக்டரிடம் அனுப்பிச் சான்றிதழ் வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப்போனார். ஆனால் முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தருவது அவர் நோக்கம் இல்லை. அந்த ஆளிடமிருந்து பாலசுந்தரத்தை விடுவித்தால் போதும். அடி வாங்கியவர் தானாக வெளியேறினால் குற்றவாளி ஆகிவிடுவாரே! ஒப்பந்தத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம் என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்து, அதை ஏற்க இன்னொரு வெள்ளைக்காரரையும் காந்தியே தேடிப் பிடித்தார்.