உப்பளக் கரையில் பள்ளியும் அதிகாரமும்

மரக்காணத்து அளங்களில் உப்பு விளையும் பருவம் தை மாதத்தில் பாத்திகளைச் செப்பனிடுவதோடு தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வந்து பாத்திகளை மூழ்கடிக்கும்வரை நீடிக்கிறது. பள்ளிக்கூடத்தின் ஆண்டோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. வெயில் ஏறுவதற்கு முன்பே உப்பை வாரிக் குவித்துவிட வேண்டும் என்பதற்காகத் தாயும் தகப்பனும் விடியுமுன் வீட்டைவிட்டுப் புறப்படுகிற மாதங்களிலேதான், தம்பி தங்கையைக் கவனித்துவிட்டுப் பள்ளிக்கு ஓட வேண்டிய மூத்த குழந்தைக்கு ஆண்டுப் பரீட்சையும் வருகிறது. இந்த நாட்காட்டியை வகுத்தவர் யார், எந்த உரிமையால் வகுத்தார் என்று கேட்கப் புகுந்தால், இக்கரையின் கல்வி அதிகாரம் இருநூறு ஆண்டுகளாகக் கைமாறி வந்த சரித்திரம் முழுவதும் நம் முன் வந்து நிற்கும்.

சங்க காலத்து எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் பலர் கருதும் இவ்வூரில், பூமீசுவரர் கோயிலின் சோழர் கல்வெட்டுகள் உப்பளங்களைப் பற்றிப் பேசுகின்றன. அதே காலத்தில், அதே தென்னார்க்காட்டு மண்ணில், எண்ணாயிரம் என்ற ஊரின் சபையார் முதலாம் இராஜேந்திரன் ஆட்சியில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி ஒன்றை நிலமானியத்தின் வருவாயால் பரிபாலித்தார்கள். புதுவையை அடுத்த திரிபுவனியிலும் 1048ஆம் ஆண்டளவில் இத்தகைய ஏற்பாடு இருந்தது. நெல் அளப்பதும் ஆசிரியரைப் போஷிப்பதும் ஊர்ச் சபையின் பொறுப்பாக இருந்தன என்பது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் அக்கல்லூரிகள் வேதமும் சாத்திரமும் பயில வந்தவர்களுக்கானவை. அளத்தில் நின்ற உழைப்பாளியின் மகனுக்கு அங்கே இடமில்லை.

சாமானியருக்கு ஓரளவேனும் எட்டியது திண்ணைப் பள்ளிக்கூடம். சர் தாமஸ் மன்றோ 1822இல் கட்டளையிட்ட கணக்கெடுப்பு, சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் காட்டிற்று. அவற்றில் உபாத்தியாயரை அமர்த்தியதும் அவருக்குக் கூலி கொடுத்ததும் பெற்றோரே. பள்ளி கூடும் வேளையும் ஓயும் வேளையும் ஊரின் வேலைக்கு இணங்க அமைந்தன. ஆனால் உபாத்தியாயர் பொதுவாக மாதம் 6, 7 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை என்று மன்றோவே 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் வருந்தினார். ஜில்லாவுக்கும் தாலுகாவுக்கும் சர்க்கார் பள்ளிகள் வேண்டுமென அவர் வகுத்த திட்டம், அவர் மறைந்து பத்தாண்டுகள் முடிவதற்குள்ளாகவே கைவிடப்பட்டது.

1805இல் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்ட கும்பினி அரசு, கல்வியின்மீது அத்தனை அவசரம் காட்டவில்லை. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப் பிறகே கல்வி இலாகா ஒன்று உருவாயிற்று. மானியம் கொடுத்துப் பரிசோதகரை அனுப்பிப் பள்ளியைக் கண்காணிக்கும் முறையும் வந்தது. மானியம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே கட்டளையும் வந்தது. பாடப் புத்தகமும் பரீட்சையும் கச்சேரியில் தீர்மானமாயின. 1884ஆம் ஆண்டின் ஸ்தல போர்டுச் சட்டம் ஜில்லா போர்டுகளையும் தாலுகா போர்டுகளையும் அமைத்து, நிலத்தீர்வையோடு சேர்த்து வசூலித்த வரியில் ஒரு பகுதியைப் பள்ளிகளுக்கு ஒதுக்கியபோது, சுயாட்சி வந்துவிட்டதென்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் ஜில்லா போர்டின் தலைவர் நாற்காலியில் நெடுங்காலம் அமர்ந்திருந்தவர் கலெக்டர்தாம்.

1920ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் ஜில்லா கல்விக் கவுன்சில்களை நிறுவி, ஆரம்பப் பள்ளிகளுக்கு அங்கீகாரமும் மானியமும் வழங்கும் அதிகாரத்தை அவற்றிடம் ஒப்படைத்தது. இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். உள்ளூரார் கையில் அதிகாரம் என்றால் அது பெரும்பாலும் உள்ளூர்ப் பெரிய மனிதர் கையில் அதிகாரம் என்பதாகவே இருந்தது. ஊர்த்தெருவில் பள்ளி, சேரிக் குழந்தைக்கு வாசல் அடைப்பு என்ற கொடுமை அந்நாளில் சர்வசாதாரணம். தொழிலாளர் இலாகா தனியே பள்ளிகள் திறந்த பிறகும், சேர்க்க மறுத்தால் மானியமில்லை என்று சென்னையிலிருந்து எச்சரிக்கை வந்த பிறகும்தான் பல கதவுகள் அசைந்தன. தூரத்து அதிகாரம் எல்லாம் தீமை, அண்டை அதிகாரம் எல்லாம் நன்மை என்று பேசுவோர் இதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் தூரத்து அதிகாரம் எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதற்கு 1953ஆம் ஆண்டே சாட்சி. சட்டசபையை முன்கூட்டிக் கலந்தாலோசிக்காமலே ராஜாஜி கொண்டுவந்த திருத்திய ஆரம்பக் கல்வித் திட்டம், கிராமக் குழந்தைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் படிப்பு போதும், மீதி வேளையில் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. மரக்காணத்தில் அதன் பொருள் என்ன? உப்பளத் தொழிலாளியின் மகன் காலையில் அரிச்சுவடியும் மாலையில் வாருபலகையும் பிடிக்க வேண்டும். நகரத்துக் குழந்தைக்கு மட்டும் முழுநாள் படிப்பு. வேளையை ஊருக்கேற்ப மாற்றுவது வேறு, ஊரைப் பார்த்து அறிவின் அளவைக் குறைப்பது வேறு. 1954 மே மாதம் காமராஜர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது நியாயமே. அடுத்த ஆண்டுகளில் மதிய உணவும், 1958 ஜனவரியில் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும், கொடுப்பதற்கு ஊர் எவ்வளவு ஆயத்தமாக இருந்தது என்பதை மெய்ப்பித்தன. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊராரிடம் கேட்டது பெஞ்சும் கட்டடமும்; அவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். ஆனால் ஆசிரியரை நியமிக்கும் உரிமை அம்மாநாடுகளின் பேச்சில் இல்லை.

1958ஆம் ஆண்டின் சட்டங்கள் ஜில்லா போர்டுகளைக் கலைத்து, 1960ஐ ஒட்டி ஊராட்சி ஒன்றியங்களை எழுப்பியபோது, ஆரம்பப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பாயின. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை ஒன்று தன் எல்லைப் பள்ளியின் ஆசிரியருக்கே எஜமானாகிய காலம் அது. ஆசிரியர் அதனால் பட்ட துன்பங்களும் உண்டு. ஒன்றியப் பெருந்தலைவரின் கோபத்துக்கு ஆளானவர் மறுநாளே வேற்றூருக்கு மாற்றப்படலாம் என்ற அச்சத்தை அத்தலைமுறை ஆசிரியர்கள் மறந்ததில்லை. ஆகவே 1981 ஜூன் 1 முதல் எம்.ஜி.ஆர். அரசு அவர்களை மாநில அரசு ஊழியராக்கியபோது ஆசிரியர் சங்கங்கள் வரவேற்றன. 1970க்குப் பிறகு 1986 வரை ஊராட்சித் தேர்தலே நடைபெறாமையால், எங்கள் பள்ளியை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றியக் குழு அப்போது ஒன்றுகூட இல்லை. இன்றும் கிராமத்துப் பள்ளிச் சுவரில் நீல எழுத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்ற பெயர் நிற்கிறது. ஆசிரியரின் நியமனமும் ஊதியமும் மாறுதலும் அப்பெயரை விட்டு நீங்கி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

உப்பு அரசியல் சட்டத்தில் மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியும் 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போயிற்று. 73ஆம் திருத்தம் பதினொன்றாம் அட்டவணையில் கல்வியை ஊராட்சிக்குரியதாக எழுதி வைத்தாலும், அதிகாரத்தை உண்மையில் ஒப்படைப்பதை மாநிலத்தின் விருப்பத்துக்கே விட்டது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இது நல்ல ஏற்பாடு. குழு பள்ளியைக் கண்காணிக்கலாம், மானியச் செலவைக் கேட்கலாம், வளர்ச்சித் திட்டம் தீட்டலாம். ஆனால் அதில் அங்கத்தினரான அளத்துத் தாய், மாசி பங்குனியில் பள்ளி வேளையை மாற்றிக்கொடுங்கள் என்று தீர்மானம் போட்டால், அது மனுவாக மேலே போகுமேயன்றி அவ்வூரில் உத்தரவாகாது. ஆசிரியரின் பதவியை உள்ளூர்க் கோபங்களிலிருந்து காக்கும் பொருட்டு மாநிலமே வைத்திருக்கட்டும். படிப்பின் அளவும் எங்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பள்ளியின் வேளையையும் விடுமுறையையும் மட்டுமேனும், உப்பு வாரும் பருவத்தை அறிந்த அத்தாய்மார்களின் குழுவிடம் சட்டப்படியே ஒப்படைப்பதற்கு இனியும் தாமதிக்க நியாயமில்லை.