ஜினகாஞ்சி: ஓர் ஊரும் ஒரு பெயரும்

சென்னையில் ஒருவர் தம்மை ஜைனர் என்று கூறிக்கொண்டால், "சௌகார்பேட்டையா?" என்ற வினாவே முதலில் எழுகிறது. பணி நிமித்தம் இந்நகருக்குக் குடிபெயர்ந்து வீடு தேடிய நாளில் யானும் இவ்வினாவை எதிர்கொண்டேன். தமிழாசிரியன் என்றதும் கேட்டவர் வியந்தார். பெருநகரம் மக்களை அவர்தம் தெருவைக் கொண்டே அடையாளம் காண்கிறது என்பர் மானிடவியலார். நமக்கோ இங்குத் தெரு இல்லை. ஆனால் ஒரு காலத்தில் ஒரு நகர்ப்பகுதியே நம் பெயரால் விளங்கிற்று.

காஞ்சி மாநகரம் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, ஜினகாஞ்சி எனச் சமயத்தால் பெயர்பெற்ற பகுதிகளை உடையது. வேகவதிக் கரையிலுள்ள திருப்பருத்திக்குன்றமே ஜினகாஞ்சி. பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி முனிவருக்குப் பல்லவ மன்னன் ஊர் ஒன்றைக் கொடையளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், அங்கு நிர்க்கிரந்தர் மிகுந்திருந்ததைக் குறித்துள்ளார். கி.பி. 1387-இல் விஜயநகர அமைச்சர் இருகப்பர், தம் குரு புஷ்பசேனரின் விருப்பப்படி, திரைலோக்கியநாதர் கோயிலில் சங்கீத மண்டபம் எழுப்பினார். காஞ்சியில் நாம் அயலார் அல்லர். அந்நகரின் ஓர் உறுப்பாகவே இருந்தோம்.

காலம் மாறிற்று. நம் மடம் மேல்சித்தாமூரில் நிலைபெற்றது. ஆயினும் இன்றும் அது ஜினகாஞ்சி மடம் என்றே வழங்குகிறது. இடம் மாறியும் பெயர் மாறாமைக்குக் காரணம் யாது? தேர்த்திருவிழாவுக்கு ஊர்தோறுமிருந்து மக்கள் அங்கே கூடினர். தலைமுறைகள் அங்கே அறவுரை கேட்டன. பெயரைக் காத்தது கல் அன்று. கூடி வாழ்ந்த வழக்கமே.

இன்று வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து நம் பிள்ளைகள் மீண்டும் நகரேகியுள்ளனர். அடுக்ககங்களில் சிதறி வாழும் அவர்களுள் தம் பூர்விக ஊரின் பெயரும் அறியாதார் உளர். அவர்தம் நண்பர்கள் "நீங்கள் வடநாட்டாரா?" என வினவும்போது அவர்கள் விடையின்றி நிற்றல் தகுமா?

ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளைத் திருப்பருத்திக்குன்றம் அழைத்துச் செல்வோம். மண்டப விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறு கூறும் ஓவியங்களைக் காட்டுவோம். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழக்குவோம். நகரம் நமக்குத் தெரு தாராவிடினும், நாம் யார் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.