பகுதி பகுதியாக வந்த நூல்கள்

நூல் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது யாது? முதல் ஏடு முதல் கடைசி ஏடு வரை ஒருங்கே அச்சிடப்பெற்று, அட்டை கட்டப்பெற்று, கடையில் விலைக்கு வைக்கப்பெற்ற பொருளே தோன்றுகிறது. ஆயினும் உலகில் பெரும்புகழ் பெற்ற நூல்கள் பல அவ்வாறு பிறக்கவில்லை. அவை வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் சில ஏடுகளாகவே வெளிவந்தன. வாங்கியவர்கள் அவற்றை வரிசை குலையாமல் சேர்த்து வைத்து, இறுதியில் தாமே நூலாகக் கட்டிக்கொண்டனர். இத்தகைய பிரசுரத்தைப் பகுதி வெளியீடு என்று கூறலாம். அதன் வரலாற்றைப் பற்றியே இன்று மாணவ நேயர்களுக்குச் சில செய்திகள் கூற விரும்புகிறேன்.

மேனாடுகளில் இவ்வழக்கம் மறையவில்லை. விண்வெளிப் பயணத்தைக் கற்பனையாகக் காட்டும் 'ஸ்டார் டிரெக்' என்னும் தொடர் 1966-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அத்தொடரில் வரும் விண்கலங்கள், கருவிகள், மாந்தர் ஆகியவற்றை விளக்கும் வார வெளியீடு ஒன்று 1997-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் வந்தது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் முந்நூறுக்கு மேற்பட்ட இதழ்கள் வெளியாயின. வாசகர் அவற்றின் தாள்களைப் பொருள் வாரியாகப் பிரித்து உறைகளில் கோத்து வைத்தனர். கற்பனைக் கப்பல் ஒன்றுக்குக் கலைக்களஞ்சியமா என்று சிலர் நகைக்கலாம். ஆனால் இம்முறையின் வேர் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது என்பதை அறிந்தால் நகைப்பு அடங்கிவிடும்.

இலண்டனில் ஜோசப் மாக்ஸன் என்பவர் இருந்தார். தச்சு, கொல்லு முதலிய கைத்தொழில்களை விளக்கும் நூலொன்றை அவர் 1678-ஆம் ஆண்டில் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். அச்சுத் தொழிலைப் பற்றிய பகுதிகள் 1683, 1684-ஆம் ஆண்டுகளில் வந்தன. அச்சுக்கலையைக் கற்பிக்கும் பழைய நூல்களுள் தலைசிறந்த அந்நூலே இவ்வாறு சிறு சிறு பகுதிகளாகப் பிறந்தது என்பது கருதத்தக்கது.

பின்னர், 1768-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலுள்ள எடின்பரோ நகரில் 'என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா' வெளிவரத் தொடங்கியது. இன்று அதனைக் கனத்த நூல்களின் வரிசையாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால் அதன் முதற்பதிப்பு நூறு வாரப் பகுதிகளாக வந்து, 1771-ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக நிறைவுற்றது. பகுதி ஒன்றின் விலை ஆறு பென்ஸ். நூறு பகுதிக்கு 600 பென்ஸ். அக்காலக் கணக்கில் 240 பென்ஸ் ஒரு பவுன் ஆகையால் மொத்தம் இரண்டரைப் பவுன் ஆகிறது. இரண்டரைப் பவுனை ஒரே நாளில் எடுத்து வைக்கும் ஆற்றல் எளிய கைவினைஞனுக்கு இராது. வாரம் ஆறு பென்ஸ் கொடுத்தல் அவனுக்கும் கைகூடும். பகுதி வெளியீட்டின் முதற்காரணம் இக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

இரண்டாவது காரணம் பதிப்பாளரைச் சார்ந்தது. பெருநூல் ஒன்றை முழுமையும் அச்சிட்டுக் குவித்துவிட்டு விற்பனைக்குக் காத்திருத்தல் பொருளைப் புதைத்து வைப்பதை ஒக்கும். முதற்பகுதி விற்ற பணத்தைக் கொண்டே இரண்டாம் பகுதிக்குக் காகிதம் வாங்குவதானால் பெருமுதல் வேண்டுவதில்லை. மூன்றாவது காரணம் மனித இயல்பு. அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவல் வாசகனை விடாது இழுக்கும். இம்மூன்றையும் ஒருங்கே பயன்படுத்தியவர் சார்லஸ் டிக்கன்ஸ். அவருடைய 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 1837 நவம்பர் வரை மாதம் ஒரு ஷில்லிங் விலையில் வந்தது. முதற்பகுதி ஆயிரம் படிகளே அச்சிடப்பட்டது. முடியும் தறுவாயில் மாதத்திற்கு நாற்பதாயிரம் படிகள் விற்றன.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கல்கத்தாவில் பிரதாப சந்திர ராய் என்னும் பெரியார், மகாபாரதம் முழுவதையும் ஆங்கில உரைநடையில் உலகுக்கு அளிக்கக் கருதினார். மொழிபெயர்த்தவர் கிசாரி மோகன் கங்கூலி. அப்பெருநூல் 1883-ஆம் ஆண்டு முதல் நூறு பகுதிகளாக வெளிவந்தது. படிகளில் பல விலையின்றியே வழங்கப்பட்டன. 1895-ஆம் ஆண்டில், பணி முடிவதற்கு முன்னரே ராய் காலமானார். எஞ்சிய பகுதிகள் வாராமற் போயிருந்தால், அதுவரை வந்தவையும் குறைநூலாகவே நின்றிருக்கும். அவருடைய மனைவியார் சுந்தரி பாலா அம்மையார் அப்பொறுப்பை ஏற்று, 1896-ஆம் ஆண்டில் நூறாம் பகுதியையும் வெளியிட்டு முடித்தார். நூலாசிரியர் பெயரும் பதிப்பாளர் பெயரும் அட்டையில் நிற்கும். அதனை முடித்துக் கொடுத்தவர் பெயரைத் தேடித்தான் அறியவேண்டும்.

தமிழில் பகுதி வெளியீடு பெரும்பாலும் பத்திரிகைத் தொடராகவே வளர்ந்தது. வத்தலக்குண்டைச் சேர்ந்த பி. ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893-ஆம் ஆண்டு முதல் 'விவேக சிந்தாமணி' என்னும் பத்திரிகையில் தொடராக வந்து, 1896-ஆம் ஆண்டில் நூலாயிற்று. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கையை 'என் சரித்திரம்' என்னும் தலைப்பில் 1940-ஆம் ஆண்டு முதல் 'ஆனந்த விகடன்' இதழில் எழுதி வந்தார். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தார். சரித்திரம் 122 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. கதை நடுவில் அறுந்த அந்த இடமே, தொடராக வந்த எழுத்துக்கு உள்ள அபாயத்தை நமக்கு உணர்த்துகிறது.

1950-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' பற்றி நான் விரித்துக் கூற வேண்டுவதில்லை. மணியம் வரைந்த சித்திரங்களுடன் அது வாரந்தோறும் வந்தது. தொடரின் ஏடுகளை மட்டும் இதழிலிருந்து பிரித்தெடுத்து, பைண்டரிடம் கொடுத்துத் தைத்து, காலிகோ அட்டை போட்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் அக்காலத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இருந்தது. நூல் என்னும் சொல்லுக்குத் தைக்கும் இழை என்றும் பொருள், படிக்கும் புத்தகம் என்றும் பொருள். அவ்வீடுகளில் இரு பொருளும் ஒன்றாயின.

இத்தகைய சேகரிப்பின் மற்றொரு கிளை எங்கள் பக்கத்தில் தோன்றியது. சிவகிரிக்கு வடகிழக்கே இராசபாளையத்தையும் திருவில்லிபுத்தூரையும் கடந்து சென்றால் சிவகாசி நகரம் வரும். அவ்வூரைச் சேர்ந்த ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைப் பயின்று வந்தனர். தீப்பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சகம் வேண்டும். இவ்வாறு ஒரு தொழிலின் தேவை மற்றொரு தொழிலைப் பெற்றெடுத்தது. அந்த அச்சு நகரத்தில், 1972-ஆம் ஆண்டில், சௌந்தரபாண்டியன் என்பவர் 'முத்து காமிக்ஸ்' என்னும் படக்கதை வரிசையைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'.

அக்கதை இங்கிலாந்தில் 1962-ஆம் ஆண்டில் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழில் தொடங்கியது. கதையை எழுதியவர் கென் புல்மர். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ. வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன் மின்சாரம் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாதவனாகிறான். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. ஆங்கிலச் சிறுவர் வாரவாரம் இரண்டொரு பக்கமாகக் கண்ட இக்கதையைச் சிவகாசி ஒரே புத்தகமாகத் தமிழில் தந்தது. ஆகவே, அங்கே கதை பகுதியாயிற்று. இங்கே ஒவ்வொரு கதையும் ஒரு பெரிய வரிசையின் பகுதியாயிற்று. வரிசை எண் ஒன்றேனும் விட்டுப் போயிற்றா என்று சிறுவர்கள் தேடலாயினர்.

இங்கே ஒரு கால வரிசையை உற்று நோக்குங்கள். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள்தான் தொடங்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்களுக்கு அது வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின. மேனாட்டில் விஞ்ஞானக் கற்பனை திரையில் முன்னே தோன்ற, காகிதம் அதனைப் பின்தொடர்ந்தது. எங்கள் பகுதியிலோ திரை வருமுன்னரே காகிதம் வந்துவிட்டது. மின்சாரத்தின் ஆற்றல், ஆய்வுக்கூடம், கதிர்வீச்சு ஆகியவற்றைப் பற்றிய முதல் வியப்பை என் தலைமுறைச் சிறுவர் பலருக்கு ஊட்டியது படக்கதைகளே. அவற்றில் விஞ்ஞானம் குறைவு, கற்பனை மிகுதி என்பது மெய். ஆயினும் வியப்பு எழுந்த பின்னரே வினா எழும். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையுமா என்று வகுப்பில் வினவிய மாணவனுக்கு, ஒளி எவ்வாறு கண்ணை அடைகிறது என்று விளக்குவது எளிதாயிற்று. 1984-ஆம் ஆண்டில் சௌந்தரபாண்டியனின் மைந்தர் விஜயன் 'லயன் காமிக்ஸ்' என்னும் மற்றொரு வரிசையையும் தொடங்கினார்.

இம்முறையில் குறை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. வணிகர் முதல் இதழை மலிவாகக் கொடுத்து ஆவலைத் தூண்டுவர். பின்வரும் இதழ்களின் விலை ஏறும். பாதி சேர்த்தவனுக்கு நிறுத்தவும் மனம் வாராது, தொடரவும் பணம் இராது. எத்தனை பகுதிகளில் முடியும், மொத்தம் என்ன செலவாகும் என்று முதலிலேயே பெருக்கிப் பார்க்க வேண்டும். பிரிட்டானிகாவுக்கு நாம் போட்ட கணக்கை எந்த வெளியீட்டுக்கும் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பகுதிகள் மெல்லிய காகிதத்தில் வருபவை. நூலான பின்பு பகுதிகளை எவரும் மதிப்பதில்லை. பரணில் கிடந்த இதழ்க்கட்டு ஒரு நாள் பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறிவிடுகிறது. தொடர் எப்போது தொடங்கியது, எந்தச் சித்திரத்துடன் வந்தது, அருகில் என்ன விளம்பரம் இருந்தது, வாசகர் கடிதத்தில் என்ன எழுதினர் என்னும் செய்திகள் யாவும் அதனோடு போகின்றன. மறுபதிப்பு கதையை மட்டும் காப்பாற்றும். கதை பிறந்த காலத்தைக் காப்பாற்றாது.

ஏடுகளை இழப்பது எங்கள் பகுதிக்குப் புதிதன்று. சங்கரன்கோவில் வட்டாரத்திலுள்ள கரிவலம்வந்தநல்லூர்த் திருக்கோயிலில் பாண்டியர் காலத்து ஓலைச்சுவடிகள் இருந்தன என்று கேள்வியுற்றுச் சாமிநாதையர் தேடி வந்தார். பழுதுற்ற ஏடுகளை நெருப்பில் ஆகுதியாக இட்டுவிட்டதாக அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் மனம் பட்ட பாட்டை அவரே எழுதி வைத்திருக்கிறார். அன்று ஓலையை நெருப்பில் இட்டோர் தீய எண்ணத்தால் செய்தாரல்லர். முறையென நம்பியே செய்தனர். இன்று இதழ்களை எடைக்குப் போடும் நாமும் வீட்டைத் துப்புரவு செய்வதாகவே நம்புகிறோம்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். பெரும்பதவியோ பல்கலைக்கழகப் பட்டமோ துணையாக இல்லாமல், நூல்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள் என ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைச் சேர்த்தார். 1992-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பின்னர் அச்சேகரம் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் துணையால் 1994-ஆம் ஆண்டில் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் இன்று அங்கே செல்கின்றனர். பிறர் கழித்த காகிதத்தை ஒருவர் கழிக்க மறுத்ததன் பயன் இது.

மாணவச் செல்வர்களே, நீங்கள் எல்லாரும் பெருநூலகம் அமைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. சிறு செயல் மூன்று போதும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பைண்டுப் புத்தகமோ இதழ்க்கட்டோ இருந்தால், எடைக்குப் போகுமுன் பிரித்துப் பாருங்கள். எந்தப் பத்திரிகை, எந்த ஆண்டு, எத்தனை பகுதிகள், எவை விட்டுப் போயின என்று ஒரு தாளில் குறித்து அதனுடனேயே வையுங்கள். வைத்துக்கொள்ள இடம் இல்லையாயின் பள்ளி நூலகத்துக்கோ ஊர் நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். சுந்தரி பாலா அம்மையார் முடித்துக் கொடுத்த நூறாம் பகுதியைப் போல, எங்கோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பகுதி உங்கள் பரணில் இருக்கக்கூடும்.