கண்ணாடியிழை வானூர்திப் பாகங்களைச் செப்பனிடல்

கண்ணாடியிழை வானூர்திப் பாகங்களைச் செப்பனிடல் என்பது, கண்ணாடியிழைத் துணியையும் பிசினையும் சேர்த்து உருவாக்கப்பட்ட சிறு வானூர்தி உறுப்புகளில் ஏற்படும் சேதத்தை நீக்கி, அவற்றின் பழைய வலிமையையும் வடிவத்தையும் மீட்கும் பணியாகும். உடற்பகுதி, இறக்கை, வால், எந்திர மூடி, சக்கர உறை ஆகியவை இவ்வாறு செப்பனிடப்படும் முதன்மை உறுப்புகள். அலுமினிய வானூர்தியில் சேதமான தகட்டை வெட்டிவிட்டு, ஆலையில் சோதிக்கப்பட்ட வேறு தகட்டை ரிவெட்டு அடித்துப் பொருத்துவர். கண்ணாடியிழையிலோ பொருளே செப்பனிடும் இடத்தில்தான் உருவாகிறது. ஆகவே அதன் வலிமை, அதனைச் செய்பவரின் அளவீட்டையும் தூய்மையையும் அன்றைய வெப்பநிலையையும் பொறுத்து அமைகிறது. வேலை முடிந்தபின் மேலிருந்து பார்த்து அதன் தரத்தை அறிய இயலாது.

வரலாறு

கண்ணாடியிழையாலான முதல் மிதவை வானூர்தி, செருமனியின் இசுடுட்கார்ட்டில் உருவாக்கப்பட்ட எஃப்.எஸ்.-24 பீனிக்சு ஆகும். இது 1957 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. எந்திரம் பொருத்திய வானூர்திகளுள் அமெரிக்காவின் விண்டெக்கர் ஈகிள் 1969 இல் சான்றிதழ் பெற்றது.

இந்தியாவில் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஹன்சா ஆகும். பெங்களூரில் உள்ள தேசிய வானூர்தியியல் ஆய்வகம் வடிவமைத்த, இருவர் அருகருகே அமரும் இப்பயிற்சி வானூர்தி 1993 நவம்பர் 17 அன்று முதலில் பறந்தது. இதன் ஹன்சா-3 வகை 2000 இல் சான்றிதழ் பெற்றது. புறப்படும்போது இதன் உச்ச எடை 750 கிலோகிராம் மட்டுமே. தமிழ்நாட்டில் ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் உள்ள தனேஜா நிறுவனத்தின் தொழிற்சாலையில் ஹன்சா வானூர்திகள் கட்டப்பட்டன. புதிய தலைமுறை ஹன்சா 2021 செப்டம்பரில் முதலில் பறந்தது. 2022 தொடக்கத்தில் புதுச்சேரியில் அதன் கடல்மட்டச் சோதனைகள் நடைபெற்றன. பயிற்சி வானூர்திகள் மாணவர் கையில் அடிக்கடி தரையிறங்குபவை என்பதால், சக்கர உறையில் விரிசல், இறக்கை நுனியில் உராய்வு போன்ற சிறு சேதங்கள் இயல்பானவை.

சேதத்தைக் கண்டறிதல்

உலோகத் தகட்டில் அடிபட்டால் பள்ளம் விழும். கண்ணாடியிழை அடியை வாங்கிக்கொண்டு மீண்டும் பழைய வடிவுக்கு வந்துவிடக்கூடும். ஆனால் உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். மேலே தெரியும் மயிரிழை போன்ற விரிசல் வெறும் வண்ணப்பூச்சின் விரிசலாகவும் இருக்கலாம், இழைகளே அறுந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இதற்கு உலகெங்கும் கையாளப்படும் எளிய முறை நாணயத்தால் தட்டிப் பார்ப்பதாகும். நல்ல இடத்தில் கணீரென்ற ஒலியும், அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமான ஒலியும் எழும். மண்பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பதும் இதே அடிப்படையில்தான். ஒலி மாறும் எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொள்வர். வண்ணப்பூச்சைத் தேய்த்து நீக்கியபின், ஒளிபுகும் தன்மையுள்ள அடுக்கின் பின்னால் விளக்கைப் பிடித்தால் சேதமான பகுதி வெண்மையாகத் தெரியும். நடுவில் நுரை வைத்த பாகங்களில் நீர் புகுந்துள்ளதா என்பதையும் பார்த்து, நன்கு உலர்த்திய பின்னரே மேற்கொண்டு வேலை செய்யவேண்டும்.

சரிவாகத் தேய்த்தல்

செப்பனிடலின் உயிர்நாடி இதுவே. துளையை வெட்டி, அதே அளவுத் துண்டை உள்ளே வைத்து ஒட்டினால், பழைய இழைக்கும் புதிய இழைக்கும் இடையில் விளிம்பிலுள்ள பிசின் மட்டுமே இருக்கும். இழுவிசை வந்தால் அது எளிதில் பிளந்துவிடும். ஆகவே துளையைச் சுற்றியுள்ள பகுதியை உப்புத்தாளால் மிக நீண்ட சரிவாகத் தேய்க்கின்றனர். மிதவை வானூர்திகளில் இச்சரிவு பெரும்பாலும் 1 க்கு 50 என்ற அளவில் இருக்கும். அதாவது 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள அடுக்கில், துளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 50 மில்லிமீட்டர் தேய்க்கவேண்டும். 30 மில்லிமீட்டர் துளைக்கு 130 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேலை! புதியவர்களுக்கு இது வீண்வேலையாகத் தோன்றும். ஆனால் விசை இந்தப் பரந்த ஒட்டுப்பரப்பின் வழியாகவே பழைய இழையிலிருந்து புதிய இழைக்குக் கடத்தப்படுகிறது. தேய்த்த பரப்பைக் கையால் தொடலாகாது. விரல் எண்ணெய் ஒட்டுதலைக் கெடுக்கும்.

துணியும் பிசினும்

தமிழகக் கடற்கரையில் பைபர் படகுகளைச் செப்பனிடுவோர் பொதுவாகப் பாலியெசுத்தர் பிசினையும், நறுக்கிய இழைகளாலான பாயையும் பயன்படுத்துகின்றனர். படகுக்கு அது பொருந்தும். எப்பாக்சி பிசினால் கட்டிய வானூர்திப் பாகத்துக்குப் பொருந்தாது. இறுகிய எப்பாக்சியின் மீது பாலியெசுத்தர் உறுதியாகப் பற்றாது. மேலும் நறுக்கிய இழை எத்திசையிலும் முழு வலிமை தராது. தயாரிப்பாளர் கையேடு கூறும் அதே நெய்த துணியை, பழைய அடுக்கில் இருந்த அதே திசையில், அதே எண்ணிக்கையில் இடவேண்டும்.

பிசினையும் கடினமாக்கியையும் தராசில் எடைபோட்டே கலக்கவேண்டும். கடினமாக்கியைக் கூட்டினால் விரைவில் இறுகும் என்று கருதுவது பிழை. எப்பாக்சியில் இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பிணைவதால், விகிதம் பிறழ்ந்தால் எஞ்சிய பகுதி பிணையாமல் நின்று பொருள் மென்மையாகிவிடும். கலவையைக் கிண்ணத்தில் குவித்து வைத்தால் தன் வெப்பத்தாலேயே கொதித்துக் கெட்டியாகிவிடும். கோடையில் இது இன்னும் விரைவாக நிகழும். துணி நனைந்தபின் மிகுதிப் பிசினை அழுத்தி வெளியேற்றுவர். பிசின் கூடினால் எடை கூடுமேயன்றி வலிமை கூடாது.

இறுகுதலும் வண்ணமும்

அறை வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு நாளில் பிசின் இறுகினாலும், பல வகைப் பிசின்களுக்கு அதன்பின் 60 பாகை செல்சியசு அளவில் பல மணி நேரச் சூடு தேவை. இதனைத் தவிர்த்த பாகம் வெயிலில் நிற்கும்போது மென்மையடையக்கூடும். செருமானிய மிதவை வானூர்திகளுக்குக் கட்டமைப்பின் வெப்பநிலை 54 பாகை செல்சியசைத் தாண்டலாகாது என்ற வரம்பு நெடுங்காலமாக இருந்தது. கண்ணாடியிழை வானூர்திகள் பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுவே, அழகு அன்று. செப்பனிட்ட இடத்துக்கு அடர்நிறம் பூசுவது ஆபத்தானது.

வரம்புகள்

சக்கர உறை போன்ற சுமை தாங்காத பாகங்களைப் பணிமனையிலேயே செப்பனிடலாம். இறக்கையின் முதன்மை உத்தரம் போன்றவற்றில் தயாரிப்பாளரின் ஒப்புதலின்றிக் கைவைக்கக் கூடாது. இந்தியாவில் சான்றிதழ் பெற்ற வானூர்திகளில், குடிசார் வானூர்திப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற பொறியாளர் வேலையைச் சரிபார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிடவேண்டும்.

உயர்த்தி, சுக்கான் போன்ற அசையும் பாகங்களில் வேறொரு சிக்கலும் உண்டு. கீலுக்குப் பின்னால் சில கிராம் பிசினும் வண்ணமும் கூடினாலும் அப்பாகத்தின் சமநிலை மாறும். வேகமாகப் பறக்கும்போது அது படபடவென அதிர்ந்து, சில நொடிகளில் வாலையே பிய்த்துவிடக்கூடும். ஆகவே இப்பாகங்களைச் செப்பனிட்டபின் கழற்றி எடைபோட்டு, கையேட்டிலுள்ள வரம்புக்குள் சமநிலை இருப்பதை உறுதிசெய்த பின்னரே மீண்டும் பொருத்துகின்றனர்.